தேடினால் யார் கிடைப்பார்கள்?

2021 ஏப்ரல் கடைசி வாரம். கொரோனாவின் இரண்டாவது அலை நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்காக நோயாளிகளின் உறவினர்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். டெல்லியில் பெரிய மருத்துவமனைகளே ஆக்சிஜன் கேட்டுப் பொதுவெளியில் வேண்டுகோள் விடுத்தன. மருத்துவமனைக்குப் போன் போட்டால் யாரும் எடுக்காத வீடுகளில், இளையவர்கள் கைபேசியில் ட்விட்டரைத் திறந்தார்கள். அவர்கள் கையில் ஒரு நீளமான தேடல் வரி இருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்ற குறிப்போடு அது நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வரியை எழுதியவர் தேடலின் நுட்பம் அறிந்தவர். முதலில் 'வெரிஃபைடு' என்ற ஆங்கிலச் சொல். அடுத்து ஊர்ப் பெயர். பிறகு அடைப்புக்குறிக்குள் பெட், ஐசியூ, ஆக்சிஜன், வென்டிலேட்டர். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று சொல்ல நடுநடுவே 'ஆர்'. கடைசியில் கழித்தல் குறி போட்ட சொற்களின் வரிசை: 'நாட் வெரிஃபைடு' வேண்டாம், 'நீட்' வேண்டாம், 'நீடட்' வேண்டாம், 'ரிக்வயர்டு' வேண்டாம். சில நாட்களில் ஒரு மென்பொருளாளர் இதை எளிய இணையப் பக்கமாகவே ஆக்கிவிட்டார். ஊரையும் தேவையையும் தேர்ந்தெடுத்தால், அந்தப் பக்கமே வரியைக் கோத்து ட்விட்டரில் திறந்துவிடும்.

கழித்தல் குறிகள்தான் இங்கே கவனிக்க வேண்டியவை. 'அண்ணாநகரில் ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும்', 'அண்ணாநகரில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது' என்ற இரண்டு பதிவுகளும் கணினியின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு சொற்களில் மூன்று பொது. அந்த நாட்களில் கேட்டவர்கள் ஏராளம், கொடுக்க இருந்தவர்கள் கொஞ்சம். கேட்பவர்களின் பதிவுகளை வடிகட்டாவிட்டால் கொடுப்பவரின் ஒற்றைப் பதிவு கண்ணில் படவே படாது. அதனால் வடிகட்டினார்கள். அதே வேளையில், அந்த வரியைப் பயன்படுத்திய ஒவ்வொருவர் திரையிலிருந்தும் 'வேண்டும்' என்று எழுதியவர்கள் மறைந்துபோனார்கள். உதவ நினைத்த தன்னார்வலர்களுக்குத் தேவைப்பட்டதோ இதற்கு நேர் எதிரான வரி.

சமூக ஊடகத் தேடலை வடிவமைப்பவர்களின் வேலையில் பெரும்பகுதி இதுதான். யாருடைய பேச்சு யாருக்குக் கிடைக்க வேண்டும், யாருக்குக் கிடைக்கக் கூடாது என்று அவர்கள் தீர்மானிக்கிறார்கள். வேகம், கொள்ளளவு போன்ற பொறியியல் சிக்கல்களைப் பெருமளவு தீர்த்தாகிவிட்டது. இந்தத் தீர்மானம்தான் இன்னும் தீரவில்லை.

கேட்பவரையும் கொடுப்பவரையும் பிரித்தறியும் சிக்கலை இந்திய ஆய்வாளர்கள் கொரோனாவுக்கு முன்பே கையில் எடுத்திருந்தார்கள். தகவல் தேடல் ஆய்வுக்காக இந்தியாவில் நடந்துவரும் 'ஃபயர்' என்ற ஆய்வரங்கம், 2015 ஏப்ரலில் நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது வந்த சுமார் 50,000 ட்வீட்டுகளை 2016-இல் ஒரு போட்டிக்கே கொடுத்தது. மறு ஆண்டு கேள்வியைக் கூர்மையாக்கினார்கள்: தேவையைச் சொல்லும் ட்வீட்டுகளைக் கண்டுபிடி, இருப்பைச் சொல்லும் ட்வீட்டுகளைக் கண்டுபிடி, இரண்டையும் ஜோடி சேர். ஆங்கிலத்தோடு இந்தியும் நேபாளியும் கலந்து வந்த பதிவுகள் அவை. மனிதர் ஒரே பார்வையில் செய்துவிடும் இந்த வேலை, இயந்திரத்துக்குப் பெரும்பாடாக இருந்தது.

இணையப் பக்கங்களைத் தேடுவதற்கும் பதிவுகளைத் தேடுவதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜெய்மி டீவன், மெரிடித் மோரிஸ் இருவரும் டேனியல் ராமேஜுடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. இணையத்தில் ஒன்றைத் தேடுகிறவர், தேடத் தேடக் கேள்வியை மாற்றிக்கொண்டே போகிறார். ஒரு பொருளைக் கற்றுக்கொள்வது அவர் நோக்கம். ட்விட்டரில் தேடுகிறவர் அதே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார். புதிதாக என்ன வந்திருக்கிறது, இப்போது அங்கே என்ன நடக்கிறது, அந்த ஆள் என்ன சொல்கிறார் என்பதே அவர் எதிர்பார்ப்பு.

அதனால் காலம்தான் இங்கே முதல் அளவுகோல். காலை பத்து மணிக்குக் காலியாக இருந்த படுக்கை பதினொரு மணிக்கு இருக்காது. 2021-இல் 'வெரிஃபைடு' என்று மட்டும் எழுதியது போதவில்லை. எத்தனை மணிக்குச் சரிபார்த்தது என்றும் சேர்த்து எழுதும் வழக்கத்தை மக்களே கொண்டுவந்தார்கள். எந்த நிறுவனமும் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

இன்னொரு வேறுபாடு, பதிவுகளின் சுருக்கம். ஒரு கட்டுரையில் 'ஆக்சிஜன்' என்ற சொல் இருபது முறை வந்தால் அது ஆக்சிஜன் பற்றிய கட்டுரை என்று இயந்திரம் ஊகிக்கலாம். அரிதான சொல்லுக்கு அதிக மதிப்பு தர வேண்டும் என்று 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் காட்டிய வழி இன்றுவரை தேடலின் அடித்தளங்களில் ஒன்று. ஆனால் சில வரிகளில் முடிகிற பதிவில் எந்தச் சொல்லும் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வரும். எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை. கூகுள் நம்பியிருந்த இணைப்புகளின் வலையும் இங்கே இல்லை. ஆகவே தளங்கள் வேறு தடயங்களைப் பிடித்துக்கொண்டன: எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எழுதியவருக்கு எத்தனை பின்தொடர்வோர். இதன் விளைவு கொடுமையானது. வெள்ளத்தில் முதல் மாடியில் சிக்கியிருப்பவரைப் பின்தொடர்வோர் நாற்பது பேர். அதே வெள்ளத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் நடிகருக்கு நாற்பது லட்சம் பேர். 'டாப்' என்ற பட்டியலில் மேலே வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரிடர் வேளைகளில் 'லேட்டஸ்ட்' பட்டியலே முதலில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இந்தத் தேடலெல்லாம் உள்ளே எப்படி நடக்கிறது? ஒரு தடித்த புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போலத்தான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அது சொல்கிறது; தேடல் இயந்திரத்தின் அடைவு எந்தச் சொல் எந்தப் பதிவில் என்று சொல்கிறது. ஆனால் புத்தகத்தின் பக்கங்கள் மாறாதவை. பதிவுகளோ நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்து விழுபவை.

ட்விட்டர் தன் தேடலைத் தானே தொடங்கவில்லை. சம்மைஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிலிருந்து நடத்திக்கொண்டிருந்ததை 2008 ஜூலையில் விலைக்கு வாங்கியது. அந்த ஏற்பாடு மைஎஸ்க்யூஎல் என்ற வழக்கமான தரவுத்தளத்தின்மேல் கட்டப்பட்டது. கூட்டம் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 2010 அக்டோபரில் நொடிக்கு 1,000 ட்வீட்டுகள், 12,000 தேடல்கள் என்ற நிலையில், 'எர்லிபேர்டு' என்ற புதிய இயந்திரத்துக்கு மாறினார்கள். அதன் சூட்சுமம் எளிமையானது. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய பட்டியலில் புதிய ட்வீட்டின் எண்ணைக் கடைசியில் சேர். தேடும்போது பட்டியலைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படி. போதுமானது கிடைத்ததும் நிறுத்து. அடைவு முழுவதும் கணினியின் நினைவகத்திலேயே இருந்ததால், எழுதிய பத்து நொடிக்குள் ஒரு ட்வீட் தேடலில் அகப்பட்டது.

நினைவகம் விலை கூடியது. அதனால் அண்மைய ஒரு வாரத்துப் பதிவுகளைத்தான் அதில் வைத்திருக்க முடிந்தது. 2006 முதல் வெளியான பொதுப் பதிவுகள் அனைத்தையும் தேடும் வசதி 2014 நவம்பரில்தான் வந்தது. அப்போது அந்த அடைவில் சுமார் 50,000 கோடிப் பதிவுகள். பழையவற்றை நினைவகத்திலிருந்து எஸ்எஸ்டி சேமிப்பகங்களுக்கு மாற்றியதால் அது கைகூடியது.

அதே பதிவுகளை வைத்துக்கொண்டு ஓர் அரசு நூலகம் பட்ட பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ட்விட்டரின் முழு ஆவணத்தையும் பெற்றுக்கொள்வதாக 2010 ஏப்ரலில் அறிவித்தது. வருங்கால வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம் என்று அறிஞர்கள் மகிழ்ந்தார்கள். 2013 ஜனவரியில் நூலகத்திடம் 17,000 கோடி ட்வீட்டுகள் சேர்ந்திருந்தன. அவற்றில் 2006 முதல் 2010 வரையிலான பகுதியை மட்டும் ஒரே ஒரு முறை தேட 24 மணி நேரம் ஆகலாம் என்று நூலகமே எழுதியது. எந்த ஆய்வாளருக்கும் அதைத் திறந்துவிட முடியவில்லை. 2018 முதல் தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டும் சேகரிப்பதென்று முடிவாயிற்று. சேர்த்து வைப்பது வேறு, தேடக் கொடுப்பது வேறு.

பயன்படுத்துகிறவர்களே கட்டிய தேடல் கருவியும் ஒன்று உண்டு: ஹேஷ்டேக். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸ்ஸினா என்ற வடிவமைப்பாளர் யோசனை சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டியாகோவில் காட்டுத்தீ பரவியபோது 'சான்டியாகோஃபயர்' என்ற குறிச்சொல்லால் மக்கள் தகவல்களை ஒன்றுதிரட்டினார்கள். ட்விட்டர் நிறுவனம் ஹேஷ்டேகைச் சொடுக்கத்தக்கதாக ஆக்கியது 2009-இல்தான்.

தமிழில் பதிவிடுகிறவர்களைத் தேடப் போனால், ஆங்கிலத்துக்காகக் கட்டிய இந்த ஏற்பாடுகள் அங்கங்கே உடைகின்றன. முதல் விரிசல் எழுத்திலேயே இருக்கிறது. யூனிகோடில் 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகளால் ஆனது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்து என்று கணக்கில் கொள்ளாத நிரல்கள் ஏராளம். பைத்தான் மொழியில் சொற்களைப் பிரிக்கப் பரவலாகப் பயன்படும் வாய்பாட்டைத் தமிழில் அப்படியே போட்டால், 'தமிழ்' என்பது 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாகிவிடும். ஹேஷ்டேகைக் கண்டறியும் நிரலில் இந்தக் குறை இருந்தால் பாதிச் சொல்தான் இணைப்பாக மாறும்.

சென்னையின் கோட்டூர்புரம் என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தபோது மூழ்கிய பகுதி அது. 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகக் கணினியில் பதியலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் சமமாக்கும் வேலையைச் செய்யாத தேடல் கருவிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். இதற்குத் தீர்வு யூனிகோடு விதிகளிலேயே இருக்கிறது. கருவியைக் கட்டுகிறவர் அதைச் செயல்படுத்த மறக்காமல் இருந்தால் போதும்.

அடுத்த சிக்கல் அவ்வளவு எளிதானதல்ல. 'வெள்ளம்' என்று தேடினால் வெள்ளத்தில், வெள்ளத்தால், வெள்ளமும் எல்லாம் கிடைக்க வேண்டும். சொல்லின் முற்பகுதியான 'வெள்ள' என்பதை வைத்துத் தேடலாமே என்றால், குறிகளின் வரிசைப்படி வெள்ளியும் வெள்ளையும் வெள்ளரிக்காயும் சேர்ந்து வரும். தமிழின் வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் உரித்து அடிச்சொல்லை எடுத்துக்கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. 'ஸ்னோபால்' என்ற திறந்த மூலத் தொகுப்பிலேயே தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் பதிவு போடுகிறவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அப்படி எழுதும்போது வெள்ளமும் வெல்லமும் ஒன்றாகிவிடுகின்றன. மலையாளத்தில் அதே எழுத்துக்கூட்டலுக்குத் தண்ணீர் என்று பொருள். கேரளத்துப் பதிவுகளும் வந்து கலக்கும்.

இவையெல்லாம் போக, ஆபத்தில் இருப்பவர் 'வெள்ளம்' என்று எழுதுவதே அரிது. 'வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு', 'கீழ் வீடு முழுகிடுச்சு', 'அப்பாவ தூக்க முடியல, யாராவது போட் அனுப்புங்க' என்றுதான் எழுதுவார். தேடுகிறவர் போடும் சொல் ஒன்றுகூட அதில் இருக்காது. 2015-இல் இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தன்னார்வலர்கள். 'சென்னைரெயின்ஸ்' என்ற தளமும் எண்ணற்ற கூகுள் தாள்களும், ஆட்கள் உட்கார்ந்து பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, போன் போட்டு உறுதிசெய்து, கையால் நிரப்பியவை.

சொல்லை விட்டுப் பொருளைப் பிடிக்கும் தேடல் இப்போது வந்திருக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எண்களின் வரிசையாக மாற்றி, பொருளில் நெருங்கியவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் முறை இது. 'தண்ணி வந்துருச்சு' என்பதும் 'வெள்ளம்' என்பதும் அதில் அருகருகே அமைய வாய்ப்புண்டு. ஆனால் பேச்சுத் தமிழ் குறைவாகவே ஊட்டப்பட்ட மாதிரிகளில் அந்த அருகாமையை நம்ப முடியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: 'ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை', 'ஓ பாசிட்டிவ் ரத்தம் தேவை' என்ற இரண்டும் இம்முறையில் மிக நெருங்கிய வாக்கியங்கள். ரத்தம் தேடுகிறவருக்கு அந்த நெருக்கத்தால் ஒரு பயனும் இல்லை. தேர்ந்த வடிவமைப்பாளர்கள் இரண்டு முறைகளையும் சேர்த்தே வைக்கிறார்கள்: பொருளுக்கு ஒன்று, எண்ணும் பெயரும் பிசகாமல் பொருந்த மற்றொன்று.

இதுவரை சொன்னதெல்லாம் கிடைக்க வேண்டியவர் கிடைக்காமல் போவது பற்றி. கிடைக்கக் கூடாதவர் கிடைத்துவிடுவதும் நடக்கிறது.

2013 ஜனவரியில் ஃபேஸ்புக் 'கிராஃப் சர்ச்' என்ற தேடலை அறிமுகப்படுத்தியது. சாதாரண ஆங்கில வாக்கியத்தில் கேட்கலாம்: என் ஊரில் இருக்கும், இன்ன படத்தை விரும்பும் நண்பர்கள் யார்? வெளியான சில நாட்களில் டாம் ஸ்காட் என்ற பிரிட்டிஷ்காரர் அதில் கேட்கக்கூடிய வேறு சில கேள்விகளின் விடைகளை, பெயர்களை மறைத்து வெளியிட்டார். டெஹ்ரானில் வசிக்கும், ஆண்கள்மீது ஈர்ப்புள்ள முஸ்லிம் ஆண்கள் என்பது அவற்றில் ஒன்று. சீனாவில் தடைசெய்யப்பட்ட ஃபாலுன் காங் இயக்கத்தை விரும்புகிறவர்களின் குடும்பத்தினர் பற்றியது இன்னொன்று. அங்கே காட்டிய எந்தத் தகவலும் திருடப்பட்டதல்ல. அவரவர் தம் பக்கத்தில் எப்போதோ தாமே குறித்து வைத்தவை. தனித்தனியே சிதறிக் கிடந்தவரை அவை தீங்கற்றவை. ஒரு கேள்வியில் கோக்க முடிந்ததும் உயிருக்கு உலை வைக்கக்கூடியவை.

அதே கிராஃப் சர்ச்சுக்கு நேர் எதிரான வாழ்க்கையும் இருந்தது. போர்க்குற்றங்களை ஆராய்கிறவர்கள், பத்திரிகையாளர்கள், மனித உரிமை அமைப்பினர் எல்லாம் ஒரு தேதியில், ஓர் ஊரிலிருந்து ஏற்றப்பட்ட படங்களையும் வீடியோக்களையும் அதைக் கொண்டுதான் தேடினார்கள். சமூக ஊடக வீடியோக்கள் நீதிமன்றம் வரை போகும் என்பதற்குச் சான்று உண்டு: லிபியப் படைத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபாலிக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் பிறப்பித்த கைது ஆணை பெருமளவு அத்தகைய வீடியோக்களை ஆதாரமாகக் கொண்டது. 2019 ஜூனில் ஃபேஸ்புக் கிராஃப் சர்ச்சின் மிச்சசொச்சத்தையும் மூடியபோது அதிர்ந்துபோனவர்கள் இந்த ஆய்வாளர்களே. டெஹ்ரான் இளைஞரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கருவியும் கொலையாளியைக் கண்டுபிடிக்கக்கூடிய கருவியும் ஒன்றாக இருந்ததுதான் சிக்கல்.

மாஸ்டடான் வேறு பாதையில் போனது. ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ 2016-இல் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் தளத்தில் பல ஆண்டுகள் மற்றவர்களின் பதிவுகளைச் சொல் போட்டுத் தேடவே முடியாமல் இருந்தது. ஹேஷ்டேக் போட்டால் மட்டும் அகப்பட்டன. ட்விட்டரில் யாராவது ஒரு சொல்லைத் தேடி, அதை எழுதிய முன்பின் தெரியாத பெண்களையும் சிறுபான்மையினரையும் கூட்டமாகச் சென்று வசைபாடுவதைப் பார்த்தவர்கள் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. வெளியாட்கள் அங்கே தேடல் கருவி கட்டியபோதெல்லாம் பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில் தேடல் வந்தது; ஆனால் 'என் பொதுப் பதிவுகள் தேடலில் வரலாம்' என்று தாமாகச் சம்மதித்தவர்களின் பதிவுகள் மட்டுமே அதில் வரும். பேசாமல் இருப்பவர் சம்மதித்தவர் ஆகமாட்டார். இதில் இழப்பு உண்டு. பெரும்பாலோர் அமைப்புகளைத் தொடுவதே இல்லை என்பதால் நல்ல பதிவுகள் பல மறைந்தே கிடக்கும். ஆனாலும் ஊரறியப் பேசுவதும் யாரும் எப்போதும் தோண்டியெடுக்கப் பேசுவதும் ஒன்றல்ல என்பதை ஒரு தேடல் கருவியின் அமைப்பிலேயே எழுதிக்காட்டிய முயற்சி இது. பெரிய நிறுவனங்களில் இப்படி ஒன்றைக் காண முடியவில்லை.

பெரிய நிறுவனங்கள் செய்தது கதவடைப்பு. 2023 பிப்ரவரி 2 அன்று ட்விட்டர், வெளி மென்பொருள்கள் தன் பதிவுகளை இலவசமாக எடுக்கும் வழியை ஒரு வாரத்தில் மூடப்போவதாக அறிவித்தது. நான்கே நாளில், பிப்ரவரி 6 அன்று, துருக்கியில் பெரும் நிலநடுக்கம். இடிபாடுகளுக்கு அடியிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் மக்கள் முகவரிகளை ட்வீட் செய்தார்கள். துருக்கியின் தன்னார்வ மென்பொருளாளர்கள் ஒன்றுகூடி, அந்தப் பதிவுகளிலிருந்து முகவரிகளைப் பிரித்தெடுத்து வரைபடத்தில் காட்டும் 'அஃபெத் ஹரிதா' என்ற கருவியைக் கட்டினார்கள். ட்விட்டர் மூடவிருந்த அதே வழியில்தான் அவர்களுக்குப் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. உலகம் முழுவதும் கண்டனம் எழ, மூடுவது தள்ளிப்போடப்பட்டது. பின்னர் மூடத்தான் செய்தார்கள். பொதுப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பத்திரிகையாளர்கள் பார்க்கப் பயன்பட்ட 'கிரவுட்டேங்கிள்' கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் எதிர்கொள்கிறது. அதன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, மிகப் பெரிய தளங்கள் பொதுவெளியில் இருக்கும் தரவைத் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தந்தாக வேண்டும் என்கிறது. இந்தியாவில் இதற்கு இணையான கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. உதவி கேட்டுச் சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்கள்மீது நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று 2021 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. எழுதும் உரிமைக்கு அது காவல். எழுதியது உதவக்கூடியவர் கையில் கிடைப்பதற்கான வழி இன்னமும் நிறுவனங்களின் விருப்பத்தில்தான் இருக்கிறது. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியிலிருந்து வரும் பொதுப் பதிவுகளை, அந்த நாட்களுக்கு மட்டுமாவது, பதிவுசெய்துகொண்ட மீட்புக் குழுக்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் கட்டணமின்றித் தேடக் கொடுக்க வேண்டும் என்று விதிப்பதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தேவையான இயந்திரம் 2010-லேயே ஓடத் தொடங்கிவிட்டது.